முன்னால் கிடந்த குப்பை

எங்கள் அண்ணிக்குச் செடி வளர்க்கத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இப்போது எங்கள் குடியிருப்பில் சிலர், அவள் கைராசிக்காரி, தொட்டதெல்லாம் துளிர்க்கும் என்று பேச ஆரம்பித்திருக்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவள் கையால் செத்த செடிகள் ஏராளம். தண்ணீர் அதிகம் ஊற்றிக் கொன்றது பாதி, ஊற்ற மறந்து கொன்றது பாதி. இரண்டுக்கும் தப்பிப் பிழைத்ததுதான் தோட்டம்.

அண்ணி என்பது முறை. வயதில் எனக்கு இளையவள். அதனால் "அண்ணி" என்று கூப்பிட்டு "நீ" போட்டுப் பேசுவேன். நான் கல்யாணம் என்று ஒன்று செய்துகொண்டு, அது சரிப்பட்டு வராமல், ஒரு பெட்டியோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவள். அன்று அவள் கேட்டது ஒரே கேள்விதான். "ஜன்னல் பக்கம் படுக்கறியா, சுவர்ப் பக்கமா?" அதற்குப் பிறகு இன்றுவரை அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. நாத்தனார் என்ற உறவுக்கே அவளால் கெட்ட பெயர். ஒழுங்காக ஒரு சண்டைகூட எங்களுக்குள் நடந்ததில்லை.

அவளுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. கட்டடத்தின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஒரு நீளக் கூடம். வார்டுகளிலிருந்து படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வந்து விழும். அதில் என்னென்ன பட்டிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கையுறை போட்டுப் பிரித்து, இயந்திரத்தில் திணித்து, ஈரத்தில் கனக்கும் துணியை வெளியே இழுத்து, சுடும் உருளைகளுக்கு நடுவே விட்டு எடுத்து, இருவராக எதிரெதிரே நின்று மடிக்க வேண்டும். அங்கே இருந்தது ஒரே நாற்காலி. அதில் மேற்பார்வையாளர் உட்கார்ந்திருப்பார். மாலையில் பேருந்தை விட்டு இறங்கும்போது அண்ணியின் கால்கள் செருப்புக்குள் அடங்காது. முகம் வேகவைத்த மாதிரி இருக்கும். யாராவது "இப்பதான் வேலை முடிஞ்சுதா?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெம்பில்லாமல் தலையை மட்டும் ஆட்டுவாள்.

அதன்பிறகு நான்கு மாடி ஏற வேண்டும். எங்கள் கட்டடத்தில் லிப்ட் இருக்கிறது. அதன் கதவில் "பழுது" என்ற அட்டையும் இருக்கிறது. இரண்டில் அட்டையைத்தான் அவ்வப்போது புதுப்பிக்கிறார்கள்.

மாடி ஏறினால் என் அண்ணன். பேருந்து ஓட்டுநர். ஓட்டுநராக இருந்தவர் என்று சொல்ல வேண்டும், ஆனால் அவர் எதிரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. கண்ணில் ஏதோ நரம்பு கெட்டு, நேரே இருப்பது கொஞ்சம் தெரியும், பக்கவாட்டில் இருப்பது தெரியாது என்றாகி, வருடாந்திரப் பரிசோதனையில் தேறாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த கொஞ்ச நாளில், கீழ் வீட்டுக்காரர்கள் எல்லாரும் கதவைத் திறந்து பார்க்கும்படி, படிக்கட்டில் உருண்டு விழுந்தார். அடி பெரிதாக இல்லை. பார்த்துவிட்டார்களே, அதுதான். அன்றோடு கீழே இறங்குவதை நிறுத்திவிட்டார். பழைய யூனிஃபார்ம் கால்சட்டையைப் போட்டுக்கொண்டு ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து, கீழே போகிற பேருந்துகளைக் காதால் கேட்டே திட்டுவார். "கிளட்ச்சைக் கொல்றான் பாரு. எவன் இவனுக்கு வண்டியைக் கொடுத்தது?" களைத்து வருகிறவளுக்கு வாசலில் கிடைக்கும் முதல் வார்த்தை பெரும்பாலும் இதுதான். எனக்கு அவரைப் பார்த்தால் பாவமாகவும் இருக்கும், நாற்காலியோடு தூக்கி வெளியே வைத்துவிடலாமா என்றும் இருக்கும்.

எங்கள் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் தண்ணீர் வாரியத்தின் பழைய பம்ப் ஹவுஸ் ஒன்று உண்டு. பம்ப் நின்றுபோய்க் காலமாகிவிட்டது. சுற்றுச்சுவர் பாதி இடிந்து கிடந்தது. உள்ளே ஒரு வீடு கட்டும் அளவுக்கு நிலம். "அரசுக்குச் சொந்தமான இடம், அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்" என்று துருப்பிடித்த பலகை. நுழைந்ததெல்லாம் குப்பைதான், யாரும் தண்டித்ததாகத் தெரியவில்லை. அந்தக் குப்பையில் யாரோ வீசிய அழுகல் தக்காளி முளைத்து, அண்ணி காலையில் பேருந்துக்குக் காத்திருக்கும் இடத்துக்கு நேர் பின்னால் ஒரு செடி வந்தது. ஒருநாள் மாலை வண்டியை விட்டு இறங்கியவள், பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை அதற்கு ஊற்றினாள். ஏன் ஊற்றினாய் என்று கேட்டதற்கு அவள் சொன்ன காரணம்: "பாட்டில் கனமா இருந்துச்சு."

அப்படித்தான் ஆரம்பம். அடுத்து, சாய்ந்த செடிக்கு ஓர் உடைந்த துடைப்பக்கட்டையை முட்டுக் கொடுத்தாள். கட்டுவதற்கு, கிழிந்து கழித்துப் போட்ட மருத்துவமனை விரிப்பை நாடா நாடாவாகக் கிழித்துக் கொண்டுவந்தாள். பிறகு மிளகாய், கீரை, புதினா, ஒரு பூசணிக்கொடி, எதற்கென்றே தெரியாமல் இரண்டு சூரியகாந்தி. வார்டு ஆயா ஒருத்தி காலி குளுக்கோஸ் பாட்டில்களைக் கழுவிக் கொடுப்பாள். அதில் தண்ணீர் நிரப்பிக் குச்சியில் தலைகீழாக மாட்டினால் நாள் முழுக்கச் சொட்டும். பார்த்தால் செடிகளெல்லாம் அட்மிட் ஆகிப் படுத்திருக்கிற மாதிரி இருக்கும்.

"எல்லாம் பிழைச்சுக்குமா டாக்டர்?" என்று நான் கேட்பேன்.

"சொந்தக்காரங்களுக்குச் சொல்லிடுங்க" என்பாள் அண்ணி.

முதல் வருடம் அவள் ஒரு தப்பு செய்தாள். ஒரு விடுமுறை நாளில், ரோட்டை ஒட்டியிருந்த குப்பையையெல்லாம் வாரி ஒதுக்கிவிட்டு, நிறுத்தத்தில் நிற்கிறவர்களும் பார்க்கட்டுமே என்று முன்பக்கத்தில் பாத்தி கட்டினாள். சுத்தமான இடத்தைக் கண்டதும் எல்லாருக்கும் மூக்கில் வியர்த்துவிட்டது. வாரம் திரும்புவதற்குள் பாத்திமேல் மோட்டார் சைக்கிள்கள் நின்றன. அதை ஒட்டி ஒருவர் தேநீர் வண்டியைக் கொண்டுவந்து போட்டார். குடித்தவர்கள் காகிதக் கப்பை மிளகாய்ச் செடியில் மாட்டிவிட்டுப் போனார்கள். அண்ணி யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவாள், அவளும் அத்துமீறி நுழைந்தவள்தானே. மழை வந்து அங்கே தண்ணீர் தேங்கிய பிறகுதான் வண்டிக்காரர் வேறு இடம் பார்த்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு அவளுக்குப் புத்தி வந்துவிட்டது. அசிங்கமாக இருக்கிற இடத்தை யாரும் கேட்டு வர மாட்டார்கள். ரோட்டுப் பக்கம் குப்பை இருக்கட்டும், தோட்டம் அதற்குப் பின்னால் இருக்கட்டும் என்று முடிவு செய்தாள். சும்மா விட்டுவிட்டாள் என்று நினைக்காதீர்கள். செடிகளைவிட அந்தக் குப்பையைத்தான் அவள் கவனமாகப் பராமரித்தாள். மூலையுடைந்த ஒரு கைகழுவும் பீங்கான் தொட்டி, பஞ்சு பிதுங்கிய மெத்தை, சக்கரமில்லாத குழந்தை வண்டி, தேய்ந்த டயர்கள், இவற்றுக்கு நடுவே தானாக வளர்ந்த ஒரு முள்புதர். டயர் சரிந்தால் நிமிர்த்தி வைப்பாள். மெத்தை நகர்ந்தால் இழுத்துப் போடுவாள். பழைய இரும்பு வாங்குகிறவர் குழந்தை வண்டியைத் தூக்கிக்கொண்டு போனபோது சாமான் களவுபோன வீட்டுக்காரி மாதிரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். யார் வீட்டிலாவது ஓட்டை நாற்காலியை எறியப் போகிறார்கள் என்று தெரிந்தால் போதும், "அங்க போடுங்க, அங்க போடுங்க" என்று முந்திக்கொள்வாள். ஆனால் எச்சில், அழுகல் எதுவும் அங்கே சேரக்கூடாது. நாறினால் யாராவது புகார் கொடுப்பார்கள். கண்ணைத் திருப்பிக்கொள்ள வைக்க வேண்டும், மூக்கைப் பொத்தவைக்கக் கூடாது. அதுதான் அவள் வகுத்த சட்டம்.

தெருப் பெருக்கும் அக்காவுக்கு மட்டும் விஷயம் தெரியும். துடைப்பத்தை ஊன்றி நின்று, "உன் குப்பை பத்திரமா இருக்கும்மா, நான் கை வைக்கல" என்பாள். பதிலுக்கு அவளுக்குக் கீரை போகும்.

மாலையில் இறங்கியதும் அண்ணி நேரே வீட்டுக்கு வரமாட்டாள். சுவர் இடிந்த பக்கமாக உள்ளே போய்விடுவாள். வேலையென்று அங்கே பெரிதாக ஒன்றும் செய்ய மாட்டாள். பாட்டில்களை நிரப்புவாள், ஒரு களையைப் பிடுங்குவாள், பாதி நேரம் பம்ப் ஹவுஸ் படியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஈர மண்ணில் காலை ஊன்றிச் சும்மா உட்கார்ந்திருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு அங்க போய் உக்காரணுமா? மேல வந்து படுக்கலாம்ல?"

"வேலைக்குப் போனா மூட்டை. இங்க வந்தா உங்கண்ணா. நடுவுல எனக்குன்னு ஒரு இடம் வேணும்ல" என்றாள். "அங்க யாரும் என்னை எதுவும் கேக்கறதில்ல. செடி சாகும்போதுகூடச் சொல்லிட்டுச் சாகறதில்ல."

அந்த இடம் இல்லாவிட்டால் அவள் என்றோ படுத்திருப்பாள். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அண்ணனுக்குத்தான் தெரியாது. நாலாவது மாடியிலிருந்து அவர் கண்ணுக்கு அந்த இடம் ஒரு அழுக்குத் திட்டு, அவ்வளவுதான். "அந்தக் குப்பைமேட்டுல உங்கண்ணி என்னதான் பண்றா?" என்று ஒருமுறை என்னிடம் கேட்டார். ஏதோ கீரை போட்டிருக்கிறாள் என்றேன். "ம்" என்றார். பிறகு ஏதோ ஒரு பேருந்து கியர் மாற்றிய சத்தத்தில் அவர் கவனம் போய்விட்டது.

போன வருடம் அண்ணிக்குச் சளி நெஞ்சில் கட்டி, காய்ச்சல் விடாமல் அடித்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். நான் வேலை பார்ப்பது ஜெராக்ஸ் கடையில். விடுப்பு என்ற வார்த்தையைக் கேட்டாலே முதலாளிக்கு மாரடைப்பு வரும். காலையில் ஓடிப்போய்ச் செடிக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, கஞ்சியை வைத்துவிட்டுக் கடைக்குப் போவேன். பகலில் அண்ணன்தான் பக்கத்தில் இருந்தார். காய்ச்சல் மயக்கத்தில் அண்ணி குப்பையைப் பற்றித்தான் விசாரித்துக்கொண்டிருந்தாளாம். மெத்தை இருக்கா, டயர் இருக்கா என்று. பாவம், என் அண்ணன் என்ன புரிந்துகொண்டிருப்பார்? அந்தக் குப்பைக்கு நடுவில் கிடந்து உழைத்துத்தான் பெண்டாட்டிக்கு நெஞ்சுச்சளி வந்திருக்கிறது, மயக்கத்திலும் அது அவளை விடவில்லை என்று நினைத்துவிட்டார்.

மறுநாள் இறங்கினார். இரண்டு வருடத்துக்குப் பிறகு, சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியையும் காலால் தடவித் தடவி. நான் கடையில், அண்ணி மருந்துத் தூக்கத்தில். எங்கள் இருவருக்கும் தெரியாமல் ஒரே பகலில் எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது. முள்ளை வெட்டியிருக்கிறார். மெத்தையையும் டயர்களையும் குப்பை லாரியில் ஏற்றியிருக்கிறார். பீங்கான் தொட்டியை மட்டும் லாரிக்காரர்கள் தொட மாட்டோம் என்று சொல்லிவிட்டதால், அதை இழுத்துவந்து எங்கள் மாடிப்படிக்கு அடியில் தள்ளியிருக்கிறார். பிறகு கயிறு பிடித்து வரிசை பார்த்து, ரோட்டோரம் கற்களை அடுக்கி, வெள்ளையடித்திருக்கிறார்.

அன்று மாலை நான் பேருந்தை விட்டு இறங்கினேன். தோட்டம் அப்படியே துணியில்லாமல் நிற்கிற மாதிரி நின்றது. தக்காளி, பூசணி, தலைகீழ் பாட்டில்கள், சூரியகாந்தி எல்லாம் ரோட்டைப் பார்த்தபடி. கையெல்லாம் முள் கீறி, முகத்தில் சுண்ணாம்போடு அண்ணன் நின்றிருந்தார்.

"எப்படி?" என்றார். "அவகிட்ட இப்ப சொல்லிடாதே. நானே காட்டணும்."

என் அண்ணன் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. சரியென்று தலையை ஆட்டினேன்.

காய்ச்சல் விட்டதும் அவளைப் போர்வையோடு கைத்தாங்கலாக ஜன்னலுக்கு அழைத்துப்போனார். "அங்க பாரு" என்றார். அண்ணி பார்த்தாள். அவளுக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த அவள் விரல்களைப் பார்த்தேன்.

"நல்லா இருக்குங்க" என்றாள்.

"இவ்வளவு செடி வெச்சிருக்கியா நீ? நான் ஏதோ ஒரு கீரைப் பாத்தின்னு நினைச்சிட்டிருந்தேன். கிட்டப் போய் ஒவ்வொண்ணா தொட்டுப் பாத்தேன். பூசணி ஒண்ணு என் தலை அளவு இருக்கு."

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். காய்ச்சல் கண் என்றாள்.

சமையலறையில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதே" என்றாள்.

"சொல்லாம எப்படி? நாளைக்கே எவனாவது வந்து வண்டியை நிறுத்துவான்."

"ரெண்டு வருஷம் கழிச்சுப் படி இறங்கியிருக்கார். அதைத் தப்புன்னு நான் எந்த வாயால சொல்றது?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஆனால் அவள் சும்மா இருக்கவில்லை. வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலை, யாரும் பார்க்காதபோது ஓர் ஓட்டை பக்கெட்டையும் கிழிந்த சாக்கையும் வெள்ளைக் கற்களுக்கு முன்னால் போட்டுவிட்டுப் பேருந்து ஏறினாள். மாலையில் வீட்டுக்கு வந்தால் அண்ணன் கொதித்துக்கொண்டிருக்கிறார்.

"எவனோ ஒரு நாசமாப் போறவன் ஓட்டை பக்கெட்டைக் கொண்டாந்து கடாசியிருக்கான்! என் கையில மட்டும் சிக்கட்டும்."

"ஆமாங்க" என்றாள் அண்ணி. "மனுஷங்களா இவங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மறுநாளிலிருந்து அவர் நாற்காலியைக் கீழே கொண்டுபோய் அங்கேயே காவலுக்கு உட்கார்ந்துவிட்டார். இனி ஒரு காகிதம்கூட அங்கே விழ வழியில்லை. தினமும் முகச்சவரம் செய்துகொண்டார். நிறுத்தத்தில் நிற்கிறவர்களிடம், வருவது எந்தப் பேருந்து என்று திருப்பத்தில் கேட்கும் சத்தத்தை வைத்தே சொல்வார். ஆட்கள் அவரைச் சுற்றி நின்று பந்தயம் கட்டுகிற அளவுக்குப் போனது. வீட்டில் அவர் திட்டுவது நின்றுபோனது. இதெல்லாம் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வேலை முடிந்து அண்ணி இறங்கினால் அங்கே அவர் இருந்தார். "வந்துட்டியா? இன்னிக்கி என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்தால் வீடு வரைக்கும் ஓயாது. பம்ப் ஹவுஸ் படியில் அவள் உட்கார்ந்து நான் அப்புறம் பார்க்கவில்லை.

"நடுவுல இருந்த இடத்துக்கும் வந்துட்டார்" என்று ஒருநாள் என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் உயிரே இல்லை.

அப்புறம் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் கண்ணில் பட்டது. கைப்பேசியில் படம் எடுத்தார், பக்கத்தில் தானும் நின்று எடுத்துக்கொண்டார், யார் யாருக்கோ அனுப்பினார். கொஞ்ச நாளில் வாரியத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். அண்ணன் எழுந்து நின்று, "எல்லாம் என் சம்சாரம் போட்டது சார்" என்று சொல்லியிருக்கிறார். அதிகாரி அவர் கையைப் பிடித்துக் குலுக்கி, "ரொம்ப நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க. இனி நாங்க பாத்துக்கறோம்" என்றாராம். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அண்ணன் இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணி பாதியில் கையைக் கழுவிவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

முதலில் நாடா வைத்து அளந்தார்கள். பிறகு இரும்பு வேலி. பிறகு மண்ணைத் தள்ளும் இயந்திரம். அண்ணன் அதன் முன்னால் போய் நின்று கத்தியிருக்கிறார். "பாத்துக்கறோம்னு சொன்னாங்கய்யா!" இயந்திரத்தை ஓட்டியவன் நல்லவன் போலிருக்கிறது, இறங்கிவந்து அவரைத் தோளைப் பிடித்து ஓரமாக உட்காரவைத்து, "பாத்துக்கத்தான் பெரியவரே வந்திருக்கோம்" என்றானாம். மாலையில் அண்ணி இறங்கியபோது தரை மட்டமாக இருந்தது. புரட்டிய மண்ணில் விரிப்புத் துணி நாடாக்கள் அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்தன. அவள் ஒன்றை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. விட்டுவிட்டாள்.

அதன்மேல் சிமெண்ட் கல் பதித்து, இரண்டு சிமெண்ட் பெஞ்சு போட்டு, "பூங்கா" என்று எழுதி, கேட்டுக்குப் பூட்டும் போட்டார்கள். திறப்பு விழா அன்று பூந்தொட்டிகள் லாரியில் வந்தன. செயலாளர் பேசினார். சாயங்காலம் தொட்டிகள் அதே லாரியில் திரும்பிப் போயின. நான் இதைக் கற்பனையாகச் சொல்கிறேன் என்று நினைத்தால் வந்து பாருங்கள், பூட்டு இன்னும் தொங்குகிறது. சாவி வாரியத்து அலுவலகத்தில் இருக்கிறதாம். ரிப்பன் வெட்டும்போது அண்ணி முன்னாலிருந்த நிறுத்தத்தில்தான் நின்றுகொண்டிருந்தாள். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

அண்ணன் பெருக்கும் அக்காவிடம் போய்ப் புலம்பினார். அப்போது நானும் கூட இருந்தேன். "இத்தனை வருஷம் ஒரு நாய் எட்டிப் பாக்கல. நான் சுத்தம் பண்ணி வெச்சதும் எல்லாத்துக்கும் எங்கிருந்து கண்ணு வந்துச்சு?"

அந்த அக்காவுக்கு எதையும் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "குப்பை கிடந்த வரைக்கும் யாரு பாத்தா? அதுக்குத்தானே அந்தம்மா அதை அப்படிப் பொத்திப் பொத்தி வெச்சிருந்துச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. என் பக்கம் திரும்பினார். நான் தரையைப் பார்த்தேன். அது போதுமான பதிலாக இருந்தது. வீட்டுக்கு வந்து அவர் அண்ணியிடம் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் சொல்லவுமில்லை. நாற்காலி திரும்ப ஜன்னலுக்குப் போனது. பேருந்துகளைக்கூடத் திட்டவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அண்ணியும் ஓய்ந்துவிட்டாள். முன்பு வேலையில்தான் களைப்பு, இப்போது களைப்பே வேலை மாதிரி ஆகிவிட்டது. ஒருநாள் கடையிலிருந்து வந்து படியேறினால் மூன்றாவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்திருக்கிறாள். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, சுவரில் தலையைச் சாய்த்து. "என்ன அண்ணி?" என்றால், "ஒண்ணுமில்ல, நீ போ" என்றாள். மறுநாளும் அங்கே இருந்தாள். அதற்கு மறுநாளும். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் அவளுக்கு மிஞ்சியது அந்தப் படிதான். எனக்கு அந்தச் செயலாளரையும் அதிகாரியையும் என் அண்ணனையும் வரிசையாக நிற்கவைத்து அறைய வேண்டும் போலிருந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு மாலை, அவளை எழுப்பிக் கூட்டிக்கொண்டு மேலே போனால் கதவு சாத்தியிருந்தது. நாற்காலியில் அண்ணன் இல்லை. எந்த அறையிலும் இல்லை. இருவரும் வந்த வேகத்தில் கீழே இறங்கினோம். மாடிப்படிக்கு அடியில் இருந்த பீங்கான் தொட்டியைக் காணோம். அங்கிருந்து வாசல் வழியாக, தரையில் ஒரு வெள்ளைக் கீறல் போயிருந்தது. பீங்கானைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போன கீறல்.

வெயில் இன்னும் இருந்தது. அந்தக் கோட்டைப் பார்த்தபடியே நடந்தோம். பூங்காவைத் தாண்டி, மேம்பாலத்துக்கு அடியில் புகுந்து, லாரிகளை எடை போடும் பழைய நிலையம் வரை போனது. அது மூடிக் கிடக்கிற இடம். அங்கங்கே கோடு நின்று, வட்டமாகக் கலைந்து, மறுபடி ஆரம்பித்தது. அவர் உட்கார்ந்து மூச்சு வாங்கிய இடங்கள். அண்ணி ஒவ்வொன்றையும் நின்று பார்த்துவிட்டு நடந்தாள்.

எடை நிலையத்தின் இடிந்த சுவரோரம் அண்ணன் இருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தொட்டியை ரோட்டோரம் சாய்த்து வைத்திருந்தார். அதை ஒட்டி எங்கிருந்தோ பொறுக்கிய ஒரு டயர், கால் ஒடிந்த கட்டில் சட்டம், தகரம். எங்கள் காலடிச் சத்தத்திலேயே தெரிந்துகொண்டு, திரும்பாமல் பேசினார்.

"ரோட்டுல நின்னு பாத்துச் சொல்லு. எனக்குச் சரியாத் தெரியல. அசிங்கமா இருக்கா?"

அண்ணி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "என்னால முடியாதுங்க" என்றாள். "மறுபடி முதல்ல இருந்தெல்லாம் என்னால முடியாது. எனக்கு அலுத்துப் போச்சு. எல்லாமே அலுத்துப் போச்சு."

அவள் வாய்விட்டு அழுது நான் முதல்முறையாகப் பார்த்தேன். அண்ணன் தகரத்தைக் கீழே வைத்தார்.

"தினமும் மூணாவது மாடியில உன் காலடி நின்னுடுது" என்றார். "காது நல்லாத்தானே இருக்கு, கேக்கறேன். எவ்வளவு நேரம் கழிச்சு மறுபடி கிளம்புதுன்னும் கேக்கறேன்." உள்பக்கம் கையைக் காட்டினார். "நீ ஒண்ணும் நட வேண்டாம். உள்ள ஒரு திண்டு இருக்கு, நிழலா இருக்கு. சும்மா போய் உக்காரு. நான் இந்தப் பக்கமே இருக்கேன். உள்ள வரமாட்டேன். பேசவும் மாட்டேன்."

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் தோளைப் பிடித்து எழுந்து, சுவர் இடிந்த பக்கமாகக் காலை வைத்து உள்ளே போனாள். செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நானும் அண்ணனும் வெளியே குப்பையின் பக்கத்தில் நின்றோம். ஒரு பேருந்து மேம்பாலத்தில் கியரைக் கடித்துக்கொண்டு ஏறியது. அண்ணன் வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார்.

வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது. களைத்துப்போன குரல்தான்.

"தொட்டியைக் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளுங்க. ரோட்டுல போறவங்க தெரியறாங்க."